வாடகைக்கு விடும் வீட்டுக்கு ஏஜென்ட் தேவையா? காட்பாடியிலிருந்து கேள்வி பதில்

காட்பாடி காந்தி நகரில் 18 வருடமாக இருக்கிறேன். வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது, ஓனர் ஊரில் இல்லாத வீடுகளைப் பார்த்துக்கொள்வது, இந்த இரண்டும்தான் என் வேலை. வாடகை வீட்டுக்கு ஏஜென்ட் வைப்பது பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: கேட்டில் ‘டு லெட்’ போர்டு மாட்டினால் ஒரே வாரத்தில் பத்துப் பேர் வந்து கேட்கிறார்கள். அப்புறம் எதற்குத் தரகருக்கு ஒரு மாத வாடகை?

நீங்கள் கீழே குடியிருந்துகொண்டு மாடி போர்ஷனை விடுகிறீர்கள் என்றால் தேவையே இல்லை ஐயா. கண்ணெதிரே நடப்பதற்கு இன்னொருவர் எதற்கு?

ஆனால் அந்தப் பத்துப் பேரில் யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பேச்சு இனிமையாக இருந்தால் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். நான் வருகிறவரின் பழைய ஓனரிடம் பேசாமல் யாரையும் சேர்ப்பதில்லை. அதிலும் இப்போதைய ஓனர் சொல்வதை மட்டும் நம்ப மாட்டேன். எப்படியாவது காலி செய்தால் போதும் என்று நினைக்கிற ஓனர், தொல்லை கொடுப்பவரைக்கூடத் தங்கமானவர் என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டு ஓனரின் நம்பரை வாங்கிப் பேசினால் உண்மை வரும். வாடகை எந்தத் தேதியில் வந்தது, காலி செய்யும்போது சுவர் எப்படி இருந்தது, இபி பில் பாக்கி வைத்தாரா, இந்த மூன்றைக் கேட்டால் போதும். இதை நீங்களே செய்ய முடியும் என்றால் அந்த ஒரு மாத வாடகை உங்களுக்கு மிச்சம்.

மஸ்கட்டிலிருந்து ஒருவர்: அண்ணா, சேனூரில் எங்களுக்குத் தனி வீடு இருக்கிறது. மாமா பையன்தான் பார்த்துக்கொள்கிறான். சில மாதம் வாடகை வருகிறது, சில மாதம் ரிப்பேர் செலவு என்கிறான். சொந்தக்காரனிடம் கணக்கும் கேட்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது தம்பி. சொந்தக்காரரிடம் கணக்குக் கேட்டால் உறவு போகும், கேட்காவிட்டால் வீடு போகும். காசு கொடுத்து வைக்கும் ஆளிடம் எந்தக் கூச்சமும் இல்லாமல் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏஜென்ட் வைக்க இதுவே போதுமான காரணம்.

உங்கள் மாமா பையன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் மே மாதம் வந்தால் போர் மோட்டார் அடிக்கடி எரியும். தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் காற்றில் ஓடினால் காயில் போய்விடும். அதற்குச் செலவாகத்தான் செய்யும். ஆனால் பில்லும் போட்டோவும் வேண்டும். நான் பார்க்கும் வீடுகளில் 2,000 ரூபாய்க்கு மேல் செலவு என்றால் ஓனரிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். குடித்தனக்காரர் மாறும்போது ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அனுப்பிவிடுவேன். ஃபேன் எத்தனை, கீசர் எந்த பிராண்ட், பாத்ரூம் குழாய் ஒழுகுகிறதா என்று எல்லாம் அதில் இருக்கும். அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்ற சண்டை பாதி குறைந்துவிடும்.

உங்களுக்கு மட்டும் இன்னும் மூன்று விஷயம். வாடகை உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வரும் வருமானத்துக்காக வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு, வர வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் டிடிஎஸ், அதாவது வாடகையிலேயே வருமான வரியைப் பிடித்து, அரசுக்குக் கட்ட வேண்டும். பலருக்கு இது தெரியாது, முதல் மாதமே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். மூன்றாவது, உங்கள் சார்பில் செயல்பட இங்கே ஒருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம். வாடகைக்கு விடவும் வாடகை தொடர்பாகக் கையெழுத்துப் போடவும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கவோ அடமானம் வைக்கவோ அதில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து ஒரு பெண்: ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார் என்று எத்தனையோ கதை கேட்கிறோம். எங்கள் அக்கா வீட்டிலேயே நடந்தது. பயமாக இருக்கிறது அண்ணா. எப்படி நம்புவது?

பயப்படுவது நியாயம்தான். என் தொழிலில் இருப்பவர்கள் செய்த துரோகத்தை நான் மறைக்கப் போவதில்லை. இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

ஏஜென்ட் ஓனரிடம், ‘மாதம் 10,000 வாடகைக்கு ஆள் வந்திருக்கிறது, நானே வசூல் செய்து போட்டுவிடுகிறேன்’ என்கிறார். குடிவருகிறவரிடம், ‘6 லட்சம் போக்கியம், மாத வாடகை கிடையாது’ என்று சொல்லி மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார். அந்த 6 லட்சத்திலிருந்து மாதாமாதம் 10,000 ஓனர் கணக்குக்குச் சரியாகப் போகும். ஒரு வருடம் யாருக்கும் சந்தேகம் வராது. திடீரென்று ஒரு மாதம் பணம் நிற்கும், ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். ஓனர் நேரில் போனால், ‘என் 6 லட்சத்தைக் கொடுங்கள், காலி செய்கிறேன்’ என்பார் உள்ளே இருப்பவர். இருவருமே ஏமாந்தவர்கள், ஒருவருக்கொருவர் எதிரியாகிக் காவல் நிலையத்தில் நிற்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை இப்படித்தான் இழந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது ஆறவில்லை.

இதைத் தடுக்க வழி ஒன்றுதான்: பணம் ஏஜென்ட் கை வழியாகப் போகக் கூடாது. அட்வான்ஸும் வாடகையும் குடித்தனக்காரர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். கமிஷனைத் தனியாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் நீங்களும் குடித்தனக்காரரும் கையெழுத்துப் போடுங்கள். ஏஜென்ட் அதில் சாட்சி மட்டும். குடிவருகிறவரிடம் ஒருமுறையாவது நீங்களே பேசி, ‘எவ்வளவு அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள், மாதம் எவ்வளவு?’ என்று அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். வீடியோ காலாக இருந்தாலும் சரி. ‘நீங்கள் எதற்கு அலைய வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தடுக்கிற ஏஜென்ட் வேண்டவே வேண்டாம்.

தோட்டப்பாளையத்திலிருந்து ஒருவர்: சிஎம்சிக்கு வரும் நோயாளிகளின் குடும்பத்துக்கு அறை விடலாம் என்று இருக்கிறேன். நானே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் அது முழு நேர வேலை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து காட்பாடி ஜங்ஷனில் ரயில் இறங்கி நேராக வருவார்கள், விடியற்காலையில்கூட. பத்து நாள் என்று வந்தவர் ஆபரேஷன் தேதி தள்ளிப்போனால் இரண்டு மாதம் இருப்பார். இந்தியோ வங்காளமோ தெரிந்த ஆள் கூட இருந்தால்தான் சமாளிக்கலாம். நம் ஊரில் உருது பேசுகிறவர்கள் இந்த வேலையில் நன்றாக வருகிறார்கள், அவர்களுக்கு இந்தி தடையில்லை.

வங்கதேசத்திலிருந்தும் வருவார்கள். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இதைத் தவறாமல் செய்கிற ஏஜென்ட் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அவர்கள் நோயோடும் கவலையோடும் வருகிறவர்கள். அவசரத்தைப் பார்த்து வாடகையை ஏற்றும் ஏஜென்ட்டுக்கு உங்கள் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பிரம்மபுரத்திலிருந்து: விஐடி மாணவர்களுக்கு விட்டால்?

வாடகை கூட வரும், தேய்மானமும் கூட. நான்கு பேர் என்று வந்து ஏழு பேர் இருப்பார்கள். எத்தனை பேர் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, பெற்றோர் ஒருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

வேலப்பாடியிலிருந்து ஒருவர்: ஏஜென்ட் செலவை வருமான வரியில் கழிக்கலாமா? கட்டுப்படியாகுமா?

தனியாகக் கழிக்க முடியாது. வீட்டு வாடகை வருமானத்தில், நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு, 30 சதவீதம் பொதுவாகத் தள்ளுபடி தருகிறார்கள். ரிப்பேர், கமிஷன் எல்லாம் அதற்குள் அடங்கியதாகக் கணக்கு.

கட்டுப்படியாவது வீடு காலியாகக் கிடக்கும் நாட்களைப் பொறுத்தது. வாடகை 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான ஆள் கிடைக்காமல் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 24,000 போய்விடும். ஆள் பிடித்துக் கொடுக்க ஒரு மாத வாடகை 12,000. தொடர்ந்து பார்த்துக்கொள்ள நான் வாங்குவது வாடகையில் 5 சதவீதம், மாதம் 600 ரூபாய். சென்னையிலிருந்து ஒருமுறை வந்துபோகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்: ஏஜென்ட் வைத்தால், வாடகை தராதவரை உடனே காலி செய்துகொடுப்பாரா?

‘ஆள் வைத்துக் காலி பண்ணித் தருகிறேன்’ என்று சொல்கிறவரை அன்றே விலக்கிவிடுங்கள். தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது சட்டப்படி தவறு. மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

2017-இல் வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிவுக்கு இணையதளம் இருக்கிறது. பதியாமல் விட்டால், பிறகு அந்தச் சட்டத்தை வைத்து நிவாரணம் கேட்பது கடினம். சொத்து மேலாளர் என்று ஒருவரை வைக்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசிய ரிப்பேர் பார்ப்பது, வீட்டை அவ்வப்போது பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது அவருடைய கடமைகள். நல்ல ஏஜென்ட் பாக்கி விழுந்த முதல் மாதமே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நகலைக் கோப்பில் வைத்திருப்பார். வழக்கு என்று வந்தால் அந்தக் கோப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

பாகாயத்தில் வாடகைக்கு இருப்பவர்: ஓனருக்காக வேலை செய்பவருக்கு நான் ஏன் கமிஷன் கொடுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் வாங்குவது இங்கே பழக்கம். நானும் பல வருடம் வாங்கினேன். இப்போது பராமரிப்பை நான் பார்க்கும் வீடுகளுக்கு ஓனரிடம் மட்டும் வாங்குகிறேன். வீட்டைக் காட்டும் முன்பே எவ்வளவு, எப்போது என்று கேட்டுவிடுங்கள். வீட்டைக் காட்டுவதற்கே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: பத்து வருடமாக ஒரே குடும்பம் இருக்கிறது. 5-ஆம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். மகன் ஏஜென்ட்டிடம் ஒப்படைக்கச் சொல்கிறான்.

வேண்டாம் அம்மா. பத்து வருடம் ஒழுங்காக இருக்கும் குடும்பத்துக்கு நடுவில் புதிதாக ஒருவரை நுழைக்காதீர்கள். ஒப்பந்தம் பழையதாக இருந்தால் புதிதாக எழுதிப் பதிந்துகொள்ளுங்கள். மகனை அழைத்துப் போய் அந்தக் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தி, அவர் நம்பரையும் கொடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை டேங்க் கழுவவும் மாடித் தளத்தில் விரிசல் பார்க்கவும் ஒரு கொத்தனாரைச் சொல்லி வையுங்கள். மழைக்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள்.