வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்: டயருக்கு எப்போது விடை கொடுப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள் டயரைப் பற்றியே இருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன்பு இந்தக் கவலை வருவது நல்லதுதான். மழை பெய்த பிறகு வந்தால் என்னிடம் வராது, எலும்பு மருத்துவரிடம் போகும்.

கேள்வி: ஐயா, பின் டயரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்? கேட்கும் இடத்திலெல்லாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கு சொல்கிறார்கள்.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் டயர் அவரவருக்கு ஓடிய தூரம் அது, அவ்வளவுதான். ஒரே கம்பெனி, ஒரே அளவு டயரை இரண்டு பேருக்கு மாட்டிக்கொடுங்கள். ஒருவர் தனியாக, நிதானமாக, காற்றைச் சரியாக வைத்து ஓட்டுகிறார். இன்னொருவர் பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு, சிக்னலில் விருட்டென்று கிளம்பி, அடுத்த சிக்னலில் கிறீச்சென்று நிறுத்துகிறார். முதலாமவரின் டயர் ஓடும் தூரத்தில் பாதிகூட இரண்டாமவருக்கு ஓடாமல் போகலாம். அதனால் மீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டயரையே பாருங்கள்.

எங்கே பார்ப்பது? டயரின் பக்கச்சுவரில், தரை தொடும் பகுதி தொடங்கும் விளிம்புக்குப் பக்கத்தில், ஒரு சிறிய முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அங்கிருந்து நேர்க்கோட்டில் பள்ளத்துக்குள் பார்த்தால், அடியில் குறுக்காக ஒரு ரப்பர் மேடு தெரியும். அதுதான் தேய்மானக் குறி. டயரைச் சுற்றிப் பல இடங்களில் இது உண்டு. சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து இந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. மோட்டார் சைக்கிள் டயர்களில் இந்த மேடு பெரும்பாலும் 0.8 மி.மீ. உயரம்தான். சட்டம் கேட்கும் ஆழம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1 மி.மீ., ஜெர்மனியில் 1.6 மி.மீ.

குறி தெரியும் வரை காத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. பள்ளம் 2 மி.மீ. அளவுக்கு வந்ததும் புது டயருக்குப் பணம் ஒதுக்கச் சொல்வேன். மழை வரப்போகிறது என்றால் அப்போதே மாற்றச் சொல்வேன். ஆழம் பார்க்கும் கேஜ் சட்டைப் பையில் அடங்கும் சின்னக் கருவி. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சக்கரத்தை உருட்டி உருட்டி, நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து, கிடைப்பதில் மிகக் குறைவான எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி பார்ப்பதெல்லாம் பரீட்சை மார்க்குக்கு. வண்டி வழுக்குவது டயரின் மோசமான இடத்தில்தான்.

கேள்வி: என் டயர் மொட்டையாகிவிட்டது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எனக்கோ வண்டி நன்றாகவே பிடித்து நிற்கிறது. ரேஸ் வண்டி டயரில் கோடே இல்லையே, அது எப்படி? (கல்லூரி மாணவர்)

கெட்டிக்காரத்தனமான கேள்வி. பாதி வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. காய்ந்த, சுத்தமான ரோட்டில் பிடிமானம் தருவது ரப்பர்தான், பள்ளம் அல்ல. கோடே இல்லாத டயரில் தரையைத் தொடும் ரப்பர் இன்னும் அதிகம். அதனால்தான் ரேஸில் அதை மாட்டுகிறார்கள்.

மீதிப் பாதியைக் கேளுங்கள். அந்த ரேஸ் டயரின் ரப்பர் மிக மென்மையானது, நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும், ஒரு போட்டிக்கு மேல் அதிகம் தாங்காது. மழை வந்தால் அவர்களே அதைக் கழற்றிவிட்டுப் பள்ளமுள்ள மழை டயரை மாட்டுகிறார்கள். உங்களுடையது பிறக்கும்போதே மொட்டையாகப் பிறந்த டயர் அல்ல. மேல் ரப்பர் தேய்ந்து, மிச்சம் இருப்பது இறுகிப்போன மெல்லிய தோல்.

ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது டயர் அதை ஒதுக்கித் தள்ளினால்தான் ரப்பர் தரையைத் தொட முடியும். பள்ளங்கள் அந்தத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்துபோய், வேகமும் கூடினால், தண்ணீருக்கு விலக நேரம் கிடைக்காது. டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து அதைத் தூக்கிவிடும். ஹேண்டில் திடீரென்று லேசாகிவிட்டது போலத் தோன்றும், பிரேக் பிடித்தாலும் வேகம் குறையாது. காரில் என்றால் கொஞ்ச தூரம் சறுக்கிப்போய் மறுபடி பிடி கிடைக்கலாம். இரண்டு சக்கரத்தில் அந்த அவகாசம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. ரப்பர் மெலிந்தால் ஆணியும் கண்ணாடித் துண்டும் சுலபமாக உள்ளே போகும். “கொஞ்ச நாளாக அடிக்கடி பஞ்சர் ஆகிறது, நேரமே சரியில்லை” என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் குனிந்து பார்ப்பது அவர் டயரைத்தான்.

கேள்வி: பின் டயரின் ஓரங்கள் புதிது போல இருக்கின்றன, நடுப்பகுதி மட்டும் தட்டையாகிவிட்டது. வளைவில் வண்டி முதலில் சாய மறுக்கிறது, அப்புறம் தொப்பென்று சாய்கிறது. டயரில் இன்னும் பாதி உயிர் இருக்கிறதே, மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றத்தான் வேண்டும். ஓரத்தில் இருக்கும் ரப்பரால் நடுவுக்கு ஒரு லாபமும் இல்லை.

புது டயரைப் பின்னாலிருந்து பாருங்கள், நல்ல வளைவாக இருக்கும். வண்டி சாயும்போது அந்த வளைவின் மேல் வழுவழுவென்று உருண்டு போகும். நேர் ரோட்டிலேயே நெடுநேரம் ஓடும் வண்டியில் நடு ரப்பர் மட்டும் தேய்ந்து, தட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு விளிம்பு உருவாகிவிடும். சாயும்போது டயர் அந்த விளிம்பில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஏறும்வரை மறுக்கிறது, இறங்கியதும் விழுகிறது. நீங்கள் எழுதியது அதேதான், இதைவிடச் சரியாக நானே சொல்லியிருக்க மாட்டேன்.

இதில் ஆபத்து என்னவென்றால், இந்த மாற்றம் அங்குலம் அங்குலமாக வருவதால் ஓட்டுபவர் தன்னையறியாமல் பழகிவிடுவார். அதே வண்டியை வேறு ஒருவர் வாங்கி ஓட்டினால் முதல் திருப்பத்திலேயே “என்னப்பா இது” என்பார். சந்தேகமாக இருந்தால் நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஒரு சுற்று ஓட்டிப்பார்க்கச் சொல்லுங்கள்.

காற்று அளவுக்கு மேல் இருந்தால் இந்தத் தட்டை இன்னும் சீக்கிரம் வரும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, கம்பெனி கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்று வையுங்கள். சூடான டயரில் அளந்தால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆறிய பிறகு குறைந்துபோகும்.

கேள்வி: வெளியூர் வேலைக்குப் போன என் கணவரின் வண்டி சில வருடங்களாக ஓடாமல் நிற்கிறது. டயரில் கோடுகள் ஆழமாகவே இருக்கின்றன. இனி நான் ஓட்டலாம் என்று இருக்கிறேன். பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிகின்றன. பரவாயில்லையா? (ஒரு வாசகி)

நல்ல கண் உங்களுக்கு, சகோதரி. வெடிப்பைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் டயரின் வயதைக் கண்டுபிடியுங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு நீளமான குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி. 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நான்கு எண்ணும் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், காணவில்லை என்றால் மறுபக்கம் போய்ப் பாருங்கள். மூன்று எண் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்திய டயர். அதை ஓட்ட வேண்டாம், யாராவது ஊஞ்சல் கட்டக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஓடாத டயர் கெடாது என்று நினைக்கிறோம், நடப்பது வேறு. காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரை அரித்து வெடிக்க வைக்கும். அதைத் தடுக்க ரப்பரில் ஒரு வகை மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் ஓடி நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து ஒரு பாதுகாப்புப் படலமாகப் பரவுகின்றன. நின்றுகொண்டே இருக்கும் டயரில் அந்தப் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. பக்கத்தில் மின் மோட்டாரோ வெல்டிங் வேலையோ இருந்தால் அங்கே ஓசோனும் அதிகம், வெடிப்பும் சீக்கிரம் வரும். தவிர, ரப்பர் வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். பழைய அழிரப்பர் காகிதத்தில் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர எழுத்தை அழிக்காது அல்லவா, இறுகிய டயரும் ரோட்டில் அப்படித்தான்.

ஐந்து வருடம் கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து வருடமானால் பார்வைக்கு எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் கம்பெனிகள் பலவும் சொல்கின்றன. உங்கள் விஷயத்தில் வெடிப்பும் தெரிகிறது, வண்டியும் நின்றிருக்கிறது. காற்று இறங்கிய நிலையில் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றிருந்தால் உள்ளே டயருக்கு வலு தரும் நூல் படுகையும் கெட்டிருக்கலாம். நானாக இருந்தால் இரண்டு டயரையும், டியூப் இருந்தால் டியூபையும் சேர்த்து மாற்றாமல் அந்த வண்டியைத் தெருவில் இறக்க மாட்டேன். பிரேக்கையும் ஒரு முறை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகக் கோடு போட்டுத் தருகிறார்கள். செலவு மிச்சம்தானே?

ரப்பரைக் கூட்டித் தருகிறார்களா? இல்லையே, இருக்கும் கொஞ்சத்தையும் வெட்டி எடுக்கிறார்கள். அடுத்து நூல்தான். வேண்டவே வேண்டாம்.

கேள்வி: முன் டயரில் பள்ளங்களுக்கு நடுவில் இருக்கும் ரப்பர் கட்டைகள் மேடும் பள்ளமுமாகத் தேய்கின்றன. “ஊம்” என்று ஓர் இரைச்சல் வேறு. டயர் கம்பெனி சரியில்லையா?

கம்பெனியைத் திட்டுவதற்கு முன் உள்ளங்கையை டயர் மேல் வைத்து, முன்னோக்கி ஒரு முறையும் பின்னோக்கி ஒரு முறையும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது கட்டைகள் வளைந்து வளைந்து ஒரு முனை மட்டும் தேய்ந்திருக்கிறது. முன் டயரில் கொஞ்சம் இப்படி வருவது சகஜம். அதிகமாக வந்தால் காற்று குறைவாக ஓட்டியிருப்பீர்கள், அல்லது முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கி, குலுக்கலை அடக்கும் இரட்டைக் குழாய்) எண்ணெய் பழசாகி, குழியில் இறங்கிய சக்கரம் அடங்காமல் துள்ளிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் பேரிங்கிலும் ஹேண்டிலுக்கு அடியில் இருக்கும் பேரிங்கிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் இதே பாட்டைப் பாடும்.

கேள்வி: டியூப்லெஸ் டயரில் எத்தனை பஞ்சர் வரை ஒட்டலாம்?

எத்தனை என்பதைவிட எங்கே, எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். தரை தொடும் பகுதியில், சுமார் 6 மி.மீ.க்கு உட்பட்ட ஓட்டை என்றால் ஒட்டலாம். பக்கச்சுவரில் என்றால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் டயர் போச்சு. ஓடும்போது அதிகம் நெளியும் இடம் அது, எந்த ஒட்டும் நிற்காது. பக்கச்சுவரில் எங்கேனும் புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

வெளியிலிருந்து திரி செருகுவது வீடு போய்ச் சேரத்தான். டயரைக் கழற்றி, உட்புறத்தைப் பார்த்து, உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போடுவதுதான் முறையான வேலை. காற்றே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டீர்களா? உட்பக்கம் சுற்றிலும் ரப்பர் தூள் உதிர்ந்திருந்தால் ஒட்டவே வேண்டாம்.

கேள்வி: முன், பின் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமா? ஒரு அளவு அகலமாகப் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்குமே?

தேய்ந்ததை மாற்றினால் போதும். சங்கிலி இழுப்பது பின் சக்கரத்தை என்பதால் பெரும்பாலும் பின்னது முதலில் தீரும். ஆனால் இரண்டும் ஒத்துப்போகிற ஜோடியாக இருக்கட்டும். ஒன்று ரேடியல் (உள்நூல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடுவது), ஒன்று சாதாரண வகை (நூல் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடுவது) என்று வண்டிக் கம்பெனி சொல்லாமல் கலக்காதீர்கள்.

அகலத்தைப் பற்றி: அந்த ரிம்முக்கென்று ஓர் அகலம் இருக்கிறது. அதைவிட அகலமான டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு வளைவே மாறிவிடும். அகல டயர் போட்டும் தரை தொடும் இடம் நீங்கள் நினைத்தபடி அமையாது, திருப்புவதும் கஷ்டமாகிவிடும். பக்கச்சுவரில் 100/90-17 55P என்பது போல எழுதியிருப்பதில் 55 என்பது 218 கிலோ வரை தாங்கும் என்பதையும், P என்பது மணிக்கு 150 கி.மீ. வரை என்பதையும் குறிக்கும். பழைய டயரைவிட இந்த இரண்டும் குறையாமல் வாங்குங்கள். தயாரித்த வாரத்தையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா? டியூப்லெஸ் என்றால் வால்வு புதிதா? ஸ்போக்ஸ் ரிம் என்றால் உள்ளே ஓடும் ரப்பர் பட்டை நல்ல நிலையில் இருக்கிறதா? முதல் 150 கி.மீ. வரை சடாரென்று சாய்ப்பது, ஓங்கி பிரேக் பிடிப்பது இரண்டும் வேண்டாம். புது ரப்பரின் மேற்பரப்பு கொஞ்சம் உரசிச் சொரசொரப்பாக வேண்டும்.

கேள்வி: புது டயர் பளபளக்க பாலிஷ் போடலாமா?

பக்கச்சுவரில் வேண்டுமானால் லேசாகத் துடையுங்கள். தரை தொடும் இடத்தில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. அப்படியே சீட்டுக்கும் போட்டுவிடாதீர்கள், பிரேக் பிடித்ததும் வழுக்கிப்போய் டேங்க் மேல் உட்கார்ந்திருப்பீர்கள்.