சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வரும் பையன்களோடு விடுதியில் தங்கிப் பணியாற்றலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான்கு ஆண்டுகளாக டியூஷன் எடுக்கிறேன், வயது 26. குற்றம் செய்த சிறாரை நீதிமன்றம் அனுப்பும் ஹென்ரி கர்னி சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளிவரும் 17, 18 வயதுப் பையன்கள் தங்கும் இல்லமொன்றில், அவர்களுடனேயே தங்கும் கவுன்சலராகச் சேர அழைப்பு வந்துள்ளது. எனக்கு அதற்கான பயிற்சி இல்லை. ஒப்புக்கொள்ளலாமா? இரவில் ஒருவன் சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: ஒப்புக்கொள்ளலாம், ஆனால் பதவியின் பெயரை முதலில் மாற்றச் சொல்லுங்கள். 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின்படி, கவுன்சலர் வாரியத்தில் பதிவு பெற்றவரே அப்பெயரைப் பயன்படுத்த முடியும். நியமனக் கடிதத்தில் 'விடுதிப் பொறுப்பாளர்' என்று எழுதி வாங்குங்கள். பதிவு பெற்ற கவுன்சலர் ஒருவர் தவறாமல் வந்துபோகிறாரா என்றும் கேளுங்கள். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின் கீழ் இல்லம் சமூகநல இலாகாவில் பதிவாகியிருக்கிறதா என்பதைச் சான்றிதழைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பயிற்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். இத்தகைய விடுதியில் பன்னிரண்டு ஆண்டுகள் இரவுப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறிவுரையை இந்தப் பிள்ளைகள் வேண்டிய மட்டும் கேட்டுவிட்டார்கள். நேற்றுச் சொன்ன நேரத்தில், நேற்றுப் பேசிய அதே குரலில் இன்றும் வந்து நிற்கும் பெரியவர் ஒருவரைத்தான் அவர்களில் பலர் பார்த்ததில்லை.

எங்களிடம் வந்த ஒருவன், முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் போர்வையை மடித்து வைத்துவிட்டு, கட்டிலின் காலருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தலை எண்ண யாராவது வருவார்கள் என்று காத்திருந்தான். அவனுடைய பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நின்றதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவும் கழிவறைக்குப் போகவும் அனுமதி கேட்டான். கேட்கத் தேவையில்லை என்று நான் சொன்னபோது அவன் முகத்தில் தெரிந்தது பயம். ஹென்ரி கர்னி பள்ளிக்கு அனுப்பும் ஆணை 3 ஆண்டுகள் வரை நீளக்கூடியது. அவ்வளவு காலம் மணியடித்து எழுந்து மணியடித்துப் படுத்தவனுக்கு, தானே முடிவெடுக்க வேண்டிய ஒரு மாலைப்பொழுதுகூடப் பெரும் பாரம். எனவே சிறு முடிவுகளாகக் கையில் கொடுங்கள்: இரவுக்கு என்ன சமைப்பது, எந்த நாளில் துவைப்பது, அம்மாவுக்கு எப்போது போன் செய்வது. செய்த குற்றத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவனாகச் சொல்லும் நேரம் வரும். பெரும்பாலும் அது இருவரும் பாத்திரம் கழுவும்போது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நேரமாகவே இருக்கும்.

இரவில் போய்விட்டால் என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கான விடையை அவன் வந்து சேரும் நாளுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அவனைக் கண்காணிக்கும் அதிகாரியைச் சந்தித்து, அவனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளைப் படித்து, எத்தனை மணிக்கு மேல் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் இல்லை என்று தெரிந்ததும் அவனுடைய போனுக்கும் குடும்பத்துக்கும் அழையுங்கள். நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். பிறகு அதிகாரிக்குச் சொல்லுங்கள். 18 வயது நிரம்பாதவன் என்றால் போலீஸ் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். அவன்மேல் உள்ள பரிவினால் மூடி மறைத்த பொறுப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். மறுமுறை அவன் போனபோது, அவர்கள் சொன்னதை அதிகாரியும் நம்பவில்லை, பையனும் மதிக்கவில்லை. "நீ சொல்லாமல் போனால் இன்னின்னாருக்கு இந்த வரிசையில் அழைப்பேன்" என்று முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் சோறு போடுங்கள், விசாரணையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடையதைப் போன்ற சிறு ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடி, எண்களால் அழைக்கப்படும் கும்பல்களின் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பார்கள். அவர்களோடு நீங்கள் பேரம் பேசக் கூடாது. பையனுக்குப் பழைய கடன் ஏதேனும் இருக்கிறதா என்று மட்டும் மெதுவாகக் கேட்டறிந்து அதிகாரியிடம் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு நன்கொடை தருபவர்கள் பிள்ளைகளுடன் படம் எடுத்து முகநூலில் போட விரும்புவார்கள். நீதிமன்ற நடவடிக்கைக்கு உள்ளான சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது, 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றம். வாசலிலேயே பணிவாக மறுத்துவிடுங்கள்.

உங்களுக்காகவும் ஒன்று கேளுங்கள். அங்கேயே தங்குகிறீர்கள் என்பதற்காக 24 மணி நேரமும் வேலையில் இருப்பவராகிவிட முடியாது. 2023 முதல் வேலைச் சட்டத்தின் வேலை நேர வரம்பு வாரத்துக்கு 45 மணி நேரம். இரவில் தனியாக இருப்பீர்களா, ஓய்வு நாளில் மாற்று ஆள் யார் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திடுவதற்கு முன், இப்போதுள்ள பொறுப்பாளரின் அனுமதியோடு ஒருநாள் மாலை 6 மணி முதல் 10 மணி வரை அங்கே இருந்து பாருங்கள். நாளின் கடினமான நேரம் அதுதான். அந்த நேரத்தில் பொறுப்பாளர் அலுவலக அறையில் இருக்கிறாரா, அடுப்படியில் பையன்களோடு இருக்கிறாரா என்று கவனியுங்கள்.