போர்டு வந்துவிட்டது, கூட என்னென்ன வாங்குவது?

கேள்வி: என் மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். கோவையில் வேலை செய்யும் அவள் மாமா ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார், வெறும் போர்டு மட்டும். காந்திபுரத்தில் ஒரு கடையில் விசாரித்தால், நாற்பது சாமான் அடங்கிய கிட்டை ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தோட்டத்து மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் கருவி செய்ய வேண்டும் என்று பாப்பாவுக்கு ஆசை. எதை வாங்கலாம், எதை விடலாம்?
- ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: கிட் இப்போதைக்கு வேண்டாம்ங்க. முதலில் நல்ல அடாப்டரும் நல்ல மெமரி கார்டும் வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் காசை மிச்சம் பிடிப்பது இந்த இரண்டில்தான், பிறகு அவதிப்படுவதும் இந்த இரண்டால்தான்.

என் முதல் போர்டுக்கு நானும் வீட்டில் கிடந்த போன் சார்ஜரைத்தான் போட்டேன். திரையின் மூலையில் மின்னல் போல ஒரு சின்னம் வந்து வந்து போனது. அதன் அர்த்தம் புரியாமலே இரண்டு வாரம் ஓட்டினேன். ஒரு நாள் கார்டில் எழுதி வைத்திருந்த எல்லாம் போய்விட்டது. போர்டுக்கு வரும் மின்சாரம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வருகிற எச்சரிக்கை அது. பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தருகிற அடாப்டர் வேண்டும். "எங்கள் போன் சார்ஜர் 33 வாட் ஆயிற்றே" என்று நினைக்கலாம். சார்ஜரின் முதுகில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 5-ஐவிட உயர்ந்த வோல்ட்டில்தான் அதன் பலமெல்லாம் இருக்கும், 5 வோல்ட்டுக்கு நேரே பல சார்ஜர்களில் 2 ஆம்பியர்தான் போட்டிருக்கும். பை 4 கேட்பது 5 வோல்ட் மட்டுமே. ராஸ்பெரி பை நிறுவனத்தின் சொந்த அடாப்டரையே வாங்கிவிடுங்கள். ஒயர் அதனுடனேயே சேர்ந்து வருவதால் மெல்லிய கேபிளில் வோல்டேஜ் குறைகிற தொல்லையும் இல்லை.

கரண்ட் போகிறதே என்று வைஃபை பெட்டிக்குப் போடும் சின்ன யுபிஎஸ்ஸை இதற்கு மாட்டிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 12 வோல்ட் தருபவை, போர்டு கருகிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் உள்ள பிளக்கில் அடாப்டரைச் சொருகினால் போதும். அப்புறம், பாப்பா வேலை முடித்ததும் ஷட்டவுன் கொடுத்த பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கார்டு கெடும்.

கார்டு 32 ஜிபி, மேலே ஏ1 என்று குறியிட்டது போதும். போலி கார்டுகள் நிறைய உலவுகின்றன. 64 என்று அச்சடித்திருக்கும், உள்ளே 8 கூட இருக்காது. பில்லோடு வாங்கி, அன்றைக்கே கணினியில் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள். போலி என்று தெரிந்தும் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், அந்தப் பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

திரைக்கு வீட்டு டிவியே போதும். கேபிள் மட்டும் ஒரு முனை மைக்ரோ எச்டிஎம்ஐ, மறுமுனை சாதாரண எச்டிஎம்ஐயாக இருக்க வேண்டும். கடையில் மைக்ரோவுக்குப் பதில் மினி எச்டிஎம்ஐயை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். கீபோர்டும் மவுஸும் பழைய யுஎஸ்பி வகையே போதும். போர்டு 80 டிகிரியைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு ஃபேன் இல்லாத அலுமினியப் பெட்டி ஒன்று நல்லது.

இனி மண் ஈரத்துக்கு வருவோம். கிட்டில் இருக்கும் இரண்டு கம்பி சென்சார் ஈர மண்ணில் சீக்கிரம் துருப்பிடிக்கும். உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகையைத் தனியாகக் கேளுங்கள். ஆனால் அது தருவது அனலாக் சிக்னல், அதாவது ஈரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் வோல்டேஜ், அதை நேராகப் படிக்கும் வசதி ராஸ்பெரி பையில் கிடையாது. அதை எண்ணாக மாற்றித் தர இடையில் எம்சிபி3008 என்ற சிப் வேண்டும். கூடவே பற்றவைக்காமல் ஒயரைச் சொருகி இணைக்கும் பிரெட்போர்டு ஒன்று, கொஞ்சம் ஜம்பர் ஒயர். சென்சாருக்கும் சிப்புக்கும் போர்டின் 3.3 வோல்ட் பின்னிலிருந்தே மின்சாரம் எடுக்கச் சொல்லுங்கள். சிக்னல் பின்களில் 5 வோல்ட் ஏறினால் போர்டு போய்விடும்.

பிற்பாடு கிட் வாங்கினால், அதில் வரும் சின்ன ரிலேயை (போர்டு சொன்னபடி இயங்கும் சுவிட்ச்) கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் இணைத்துப் பார்க்கும் ஆசை பாப்பாவுக்கு வரும். அதை எலெக்ட்ரீஷியன் கூட இல்லாமல் தொடவே விடாதீர்கள்.