ஐந்து உள்ளீடு, ஒரு ஓட்டத்துக்கு 40 நிமிடம்: எந்தப் புள்ளிகளில் ஓட்டுவது?

ஒரு ஓட்டத்துக்கு 40 நிமிடம் எடுக்கும் சிமுலேஷனுக்குப் பதிலாக, சில ஓட்டங்களைப் பார்த்துப் பழகி மற்ற விடைகளை நொடியில் ஊகிக்கும் எமுலேட்டர் செய்ய, ஐந்து உள்ளீட்டுக்கும் எந்த அளவுகளை (புள்ளிகளை) வைத்து ஓட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து இதே தலைவலியை நானும் பட்டிருக்கிறேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலையை ஆலையில் நீராவியில் வேகவைக்கும்போது உள்ளே சூடு எப்படி ஏறுகிறது என்று ஒரு சிமுலேஷன். நீராவி அழுத்தம், நேரம், குலை எடை, பழுத்த அளவு, தொடக்க வெப்பம் என்று ஐந்து உள்ளீடு.

முதலில் கட்டம் போடத்தான் நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து அளவு வைத்தால் 3125 ஓட்டம், இரவு பகலாகக் கிட்டத்தட்ட 87 நாள். அதைவிட மோசம், முடிவை அழுத்தம் மட்டுமே தீர்மானிக்கிறது என்றால் அத்தனை ஓட்டத்திலும் கிடைப்பது ஐந்தே ஐந்து விடை. ஒரே உள்ளீட்டுக்கு சிமுலேஷன் எத்தனை தடவை ஓட்டினாலும் அதே விடைதானே தரும்!

இதற்காகத்தான் மெக்கே, பெக்மன், கோனோவர் மூவரும் 1979இல் லத்தீன் ஹைப்பர்கியூப் முறையைக் கொண்டுவந்தார்கள். இதைத் தோட்டத்தில் இலை மாதிரி எடுக்கும் சித்தப்பாவிடம் விளக்கினேன். அவர்கள் பத்து நிரைக்கு ஒரு நிரை, அதில் பத்து மரத்துக்கு ஒரு மரம் என்று 17ஆம் மட்டையை வெட்டுவார்கள். அதனால் நிரையை ஒரு உள்ளீடாகவும், நிரைக்குள் மரத்தின் இடத்தை இன்னொரு உள்ளீடாகவும் வைத்துச் சொன்னேன்:

"பத்து நிரை, நிரைக்குப் பத்து மரம். பத்தே மரம் பொறுக்கணும். ஒவ்வொரு நிரையிலும் ஒன்னு. முதல் மரம், ரெண்டாவது மரம்னு எந்த இடமும் திரும்ப வரக்கூடாது."

"அப்போ மூலைக்கு மூலை குறுக்கே நடந்தாலே முடிஞ்சிருமே?"

சரியாகப் பிடித்துவிட்டார். வீட்டுக்குப் போய், இந்த முறையில் நான் எடுத்த புள்ளிகளை வரைந்து பார்த்தால் கிட்டத்தட்ட அந்தக் குறுக்கு நடைதான்! அழுத்தம் கூடும் இடத்திலெல்லாம் நேரமும் கூடியிருந்தது. இரண்டில் எது குலையை வேகவைத்தது என்று எமுலேட்டருக்கு எப்படித் தெரியும்?

அதனால் வெறும் லத்தீன் ஹைப்பர்கியூப் போதாது. நூற்றுக்கணக்கில் உருவாக்கி, மிக நெருங்கிய இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் எதில் அதிகமோ அதை எடுங்கள். மாக்சிமின் என்பது இதுதான். கணினிக்குச் சில விநாடி வேலை. உள்ளீட்டுக்குப் பத்து என்ற கணக்கில் 50 ஓட்டம், ஒன்றரை நாளுக்குள் முடியும்.

அப்புறம், ஒவ்வொரு உள்ளீட்டின் எல்லைகளையும் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். சித்தப்பா சாலையோர மரத்தையும் வாய்க்கால் ஓர மரத்தையும் விட்டுவிடுவார், அவருக்கு அது சரி. நமக்கு ஓரம்தான் ஆபத்து: எமுலேட்டராகப் பொதுவாகப் பயன்படும் காஸியன் பிராசஸ் என்ற புள்ளியியல் முறை, ஓட்டிய புள்ளிகளுக்கு வெளியே வெறும் ஊகத்தில் போகும். தனியாகப் பத்துப் புள்ளி ஓட்டி, எமுலேட்டருக்குக் காட்டாமல் வைத்திருந்து சோதியுங்கள். எங்கே பிசகுகிறதோ, அடுத்த ஓட்டங்களை அங்கே போடுங்கள்.