உப்புப் போட்டேனா?

அன்பின் அக்கா,

தெஹிவளையில் இருந்து எழுதுகிறேன். மென்பொருள் வேலை. வயதானவர்கள் வீட்டில் சமைக்க உதவும், தமிழில் பேசும் குரல் உதவியாளர் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் வடிவமைக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. ஃபோனைச் சமையல் குறிப்பு வாசிக்க வைத்தால் இரண்டு நிமிடத்தில் எரிச்சல்பட்டு நிறுத்திவிடுகிறார். முதலில் எந்தெந்தக் குறிப்புகளைச் சேர்க்கலாம் என்று சொல்வீர்களா?

ஒரு வாசகி

அன்பின் தங்கச்சி,

ஆரம்பத்தில் குறிப்பே வேண்டாம் என்பேன். ஐம்பது வருடம் சொதி வைத்தவருக்குச் சொதி வைக்கச் சொல்லிக் கொடுத்தால் எரிச்சல் வராமல் என்ன வரும்?

வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் மாமிக்கு 79 வயது. போன மாதம் ஒருநாள், சொதிக்குத் தேங்காய் முதற்பால் விட்ட நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. மீன்காரர். மாமி திரும்பி வரும்போது பால் கொதித்துத் திரைந்துவிட்டது. அதுகூடப் பெரிதில்லை, உப்புப் போட்டாரா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. நாக்குக்கும் முன்போல் ருசி பிடிபடுவதில்லை என்று கண் கலங்கினார். அன்று முழுக்க எனக்கும் மனசு சரியில்லை.

அந்த நேரம் அவருக்கு வேண்டியிருந்தது, ‘பால் அடுப்பில் இருக்கிறது’ என்று கூப்பிட ஒரு குரல். உப்பை அள்ளும்போதே ‘உப்புப் போட்டாச்சு’ என்று அவர் சொல்வதைக் கேட்டு வைத்திருந்து, பிறகு கேட்டால் சொல்ல ஒரு துணை. இதில் ஒரு இடத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். அவர் போட்டுவிட்டுச் சொல்ல மறந்திருக்கலாம். அதனால் கருவி ‘நீங்கள் போடவில்லை’ என்று சொல்லவே கூடாது. ‘நீங்கள் என்னிடம் சொல்லவில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். மாமிக்குப் பிரஷர் இருக்கிறது. இரண்டாம் தரம் விழும் உப்பு சின்ன விஷயமில்லை.

அப்புறம், பொறுமை. பேசுபவர் சற்று நிறுத்தினாலே பேச்சு முடிந்துவிட்டது என்று இந்தக் கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. மாமி ஒரு சொல்லைத் தேடி நிற்கும் இடத்தில் ஃபோன் ‘புரியவில்லை’ என்கிறது. பிழை தன்னுடையது என்று நினைத்து அவர் பேசாமலே விட்டுவிடுகிறார். அந்த மௌன நேரத்தை நீட்டி வையுங்கள்.

காது விஷயமும் இருக்கிறது. வயதாகும்போது பெரும்பாலும் கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். பேசுவது கேட்கும், சொல் தெளியாது. தாளிக்கும் சத்தமும் சேர்ந்தால் இன்னும் கஷ்டம். சத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. கீச்சில்லாத, தாழ்ந்த சுருதிக் குரலில், நிதானமாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம்.

கூகுளின் பேச்சறிதலில் இலங்கைத் தமிழுக்குத் தனித் தெரிவு உண்டு. ஆனாலும் அடுப்படிச் சொற்களை நீங்கள்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்க்க வேண்டும். மாமி எலுமிச்சை என்று சொல்ல மாட்டார், தேசிக்காய். சோம்பு என்றால் திகைப்பார், பெருஞ்சீரகம் என்றால் கை தானாகப் போத்தலுக்குப் போகும். அரிசியைச் சுண்டால் அளப்பார். கீரை வாங்கி வந்தால் ‘மல்லுங் போடுவம்’ என்று சிங்களப் பெயரையே சொல்வார், கொழும்பிலேயே வாழ்ந்தவர் அல்லவா.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். கரண்ட் போனால் வீட்டு வைஃபையும் போய்விடும். டைமரும் அந்த உப்புக் கணக்கும் இணையம் இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே ஓடட்டும். அடுப்படியில் பேசியது வீட்டைத் தாண்டிப் போகாமல் இருக்கவும் அதுதான் நல்லது.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். கருவி பையிலேயே இருக்கட்டும். மாமி சமைக்கும்போது தனக்குள் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். அதைப் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ளுங்கள். மாமியிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். மீன்காரர் ஒன்பதரைக்கு வருவார், அதற்கு முன் வந்துவிட்டால் நல்லது.