டாக்டர்கிட்ட வீடியோவ ஏன்மா காட்டல?

கேள்வி: பையனுக்கு ஆறு மாசம். பத்து நாளா தூங்கி எந்திரிச்ச உடனே தலை டக்குனு முன்னாடி குனியுது, ரெண்டு கையும் விரியுது, ரெண்டு செகண்ட்ல சரியாகுது, திரும்ப வருது. பத்து பதினஞ்சு தடவ இப்படி. உரம் விழுந்திருக்குன்னு அத்தை கூட்டிட்டுப் போய் எடுத்தாங்க, கேக்கல. டாக்டர் பாக்கறப்ப நல்லா இருந்தான், வாயுவா இருக்கும்னு சொட்டு மருந்து குடுத்தார். வீட்டுக்காரர் எடுத்த வீடியோ என் போன்ல இருக்கு, ஆனா நாத்தனாருக்கு தை மாசம் நிச்சயம், அது வரைக்கும் யாருக்கும் காட்டாதன்னு அத்தை சொன்னதால காட்டல. இப்ப என் முகத்த பாத்து சிரிக்கறதும் குறைஞ்சிருக்கு, பல் முளைக்கறதாலயா? ஒண்ணும் இருக்காதுல்ல மேடம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒண்ணும் இருக்காதுன்னு நான் சொல்லணும்னு எதிர்பாத்து எழுதியிருக்க. சொல்ல மாட்டேன். உரம், வாயு, பல்லு, திருஷ்டின்னு சொல்லிச் சொல்லியே மாசக்கணக்கா விட்டுட்டு அப்புறம் எழுதுற அம்மாங்க கடிதம் எனக்கு புதுசு இல்ல.

எனக்கு கோவம் வந்தது அந்த வீடியோ மேட்டர்ல தான். டாக்டர் முன்னாடி உக்காந்திருக்க, கையில போன், போனுக்குள்ள வீடியோ, பக்கத்துல மாமியார், நீ வாய தொறக்கல. குழந்தை அந்த அஞ்சு நிமிஷத்துல கம்முனு இருந்தா டாக்டர் வாயுன்னு தான் சொல்லுவார், அவருக்கு என்ன ஜோசியமா தெரியும்? அவர் பாக்க வேண்டியது மொத்தமும் உன் போன்ல தான இருந்துச்சு.

நீ சொல்ற மாதிரி தூங்கி எந்திரிச்சதும் வரிசையா வர்ற குலுக்கலுக்கு இன்ஃபன்டைல் ஸ்பாசம்னு பேரு, இதுவும் ஒரு வகை வலிப்பு தான். முதல்ல எழுதி வெச்சவர் வெஸ்ட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், 1841-ல, அதுவும் யாரோ நோயாளியப் பத்தி இல்ல, தன் சொந்தப் பையனப் பத்தி, யாராவது வழி சொல்லுங்கன்னு லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைக்கே கடிதம் போட்டார். அந்தக் காலத்துல ஒரு அப்பன் ஊரறிய எழுதுனான், உங்க வீட்டுல ஒரு டாக்டருக்கு காட்டறதுக்கே தை மாசம் வரணும்.

உன் பையனுக்கு இதுதான்னு நான் முடிவு கட்டல. தூக்கத்துல மட்டும் துள்ளி, எழுப்புனா நின்னுடற சாதாரண துள்ளலும் உண்டு. ஆனா உன் பையன் முழிச்சப்புறம் குலுங்கறான், சிரிப்பும் குறைஞ்சிருக்கு. பல் முளைச்சா சிரிப்பு போகாதும்மா. மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு இ.இ.ஜி எடுத்தா தான் தெரியும், தலையில பேஸ்ட் தடவி ஒயர் ஒட்டுவாங்க, வலிக்காது, முழிச்சிருக்கறப்பவும் தூங்கறப்பவும் எடுக்கணும், அதனால எத்தன மணிக்கு தூங்க வெக்கணும்னு முன்னாடியே கேட்டுக்கோ. அதுதான்னு உறுதியானா ஏசிடிஎச் ஊசி, ஸ்டீராய்டு, விகாபாட்ரின்னு மருந்து இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சா பலன் கூட, தள்ளிப் போனா குழந்தையோட வளர்ச்சி தான் அடி வாங்கும்.

இப்ப நிச்சயத்துக்கு வரேன். அண்ணன் குழந்தைக்கு வலிப்புன்னு தெரிஞ்சா நிக்கற சம்பந்தம் நாளைக்கு வேற எதுக்கும் நிக்கும், போகட்டும். இந்து திருமணச் சட்டத்துலயே கல்யாணத்துக்குத் தடைன்னு இருந்த வலிப்புங்கற வார்த்தைய 1999-ல எடுத்தாச்சு, நாம தான் இன்னும் பிடிச்சுகிட்டு தொங்கறோம். பெரியவங்களுக்கு அடங்கி நடக்கணும்னு இதே பகுதியில நிறைய தடவ எழுதுனவ தான் நான், இன்னைக்கும் அதுல மாற்றம் இல்ல, ஆனா மரியாதைங்கறது பந்தியில முதல்ல சாப்பாடு போடறது, கால்ல விழறது, அதுக்காக புள்ளையோட மூளைய அடமானம் வெக்க முடியாது. உன் வீட்டுக்காரர் கேமராவ ஆன் பண்ணாரே, அவருக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு. அம்மாவ எதிர்த்து ஒரு வார்த்த பேச முடியாத ஆம்பளைக்கு அப்பான்னு பேர் எதுக்குன்னு நான் கேட்டதா அவர்கிட்டயே படிச்சுக் காட்டு.

நாளைக்கு காலையில கிளம்பு, தனியா போகாத, அவரையும் இழுத்துகிட்டு போ. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி உனக்கு பக்கம், குழந்தைங்க டாக்டர பாத்த உடனே மொதல்ல போன நீட்டு, மத்த கதையெல்லாம் அப்புறம். என்னைக்கு ஆரம்பிச்சது, ஒரு தடவைக்கு எத்தன குலுக்கல், எப்ப சிரிப்பு குறைஞ்சதுன்னு சீட்டுல எழுதிக்கோ. பிரசவத்துல குழந்தை லேட்டா அழுதானா, உடம்புல வெள்ளையா திட்டு ஏதாவது இருக்கான்னு கேப்பாங்க, அத்தைக்கு கவுரவக் குறைச்சல்னு அங்கயும் மறைக்காத. மருந்து ஆரம்பிச்சு குலுக்கல் நின்னுடுச்சுன்னா நீங்களா நிறுத்தக் கூடாது, ஸ்டீராய்டுல இது ரொம்ப முக்கியம். உடம்பு முழுக்க இழுத்து அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108-க்கு போன் போடு, கையில சாவி குடுக்கறது, வாயில ஸ்பூன் வெக்கறது எதுவும் வேணாம்.

அத்தை கேட்டா தடுப்பூசிக்கு போறேன்னு பொய் சொல்லாத. வலிப்பு டாக்டர பாக்கப் போறேன்னு நேரா சொல்லிட்டு செருப்ப மாட்டு.