மெய்டன் காசிலை வீழ்த்தியது யார்?

கேள்வி: இங்கிலாந்தின் மெய்டன் காசில் மண்கோட்டை ரோமானியர் தாக்குதலில்தான் வீழ்ந்ததா?
– வாசகர், தேனி

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் நம்பப்பட்டது. டோர்செட் பகுதியில் குன்றின் உச்சியை அடுக்கடுக்கான மண்மதில்களாலும் அகழிகளாலும் வளைத்து நிற்கும் இந்த இரும்புக்காலக் கோட்டையை 1934 முதல் 1937 வரை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் (பின்னாளில் நம் அரிக்கமேட்டைத் தோண்டியவரும் இவரே), கிழக்கு வாயிலருகே வெட்டுக்காயங்களுடன் கிடைத்த எலும்புக்கூடுகளையும், அவற்றுள் ஒன்றின் முதுகெலும்பில் பாய்ந்திருந்த இரும்பு முனையையும் கண்டு, கி.பி. 43-இல் வந்த ரோமானியப் படையே இவர்களைக் கொன்றது என்று முடிவு கட்டினார். வாயிலருகே குவியலாகக் கிடைத்த கவண்கற்கள், செசில் கடற்கரையிலிருந்து சுமந்து வந்த கூழாங்கற்கள், அந்த முற்றுகைக் கதைக்கு வலுவூட்டின.

ஆனால் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு, இந்த இறப்புகள் கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி வரை பல தலைமுறைகளில் நிகழ்ந்தவை என்று காட்டுகிறது. எனவே உள்ளூர்க் குழுக்களின் அதிகாரப் போட்டியே பெரும்பாலான கொலைகளுக்குக் காரணம் என்று கொள்வதுதான் பொருத்தம். இத்தனைக்கும், சிலருடைய புதைகுழிகளில் உணவும் கலயங்களும் முறையாக வைக்கப்பட்டிருந்ததை வீலரே பதிவு செய்திருந்தார்; போருக்குப் பின் அவசரமாகப் புதைத்த கதைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.